கேட்டதை எழுது, எழுதியதைப் பாடு

கர்நாடக சங்கீதத்தில் வர்ணம் என்ற பயிற்சிப் பாட்டை, மெதுவாகவும் இரட்டை வேகத்திலும், தாளம் பிசகாமல் பாடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் அதே வர்ணத்தின் நடுவிலிருந்து நாலு சுவரத்தை எடுத்து, பெயர் சொல்லாமல் 'ஆ' என்று அகாரத்தில் பாடிக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் விழிப்பார்கள். சிலர் வர்ணத்தை ஆரம்பத்திலிருந்து மனசுக்குள் ஓட்டி, அந்த இடம் வந்ததும் பதில் சொல்வார்கள். காதில் விழுந்த மாத்திரத்தில் "க ம ப க" என்று சொல்கிறவர்கள் ரொம்பக் குறைவு. அதே ஆட்களிடம் இதுவரை கேட்டிராத ஒரு கிருதியின் சுவரத்தைத் தாளில் நீட்டினால், "யாராவது பாடின ரெக்கார்டிங் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

வார இறுதிகளில் வீட்டில் பாட்டு வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெரியவர்கள். சின்ன வயதில் கற்று, கல்யாணம், வேலை, குழந்தை என்று விட்டுப்போய், மறுபடி தொட வருகிறவர்கள். குரல் வந்துவிடுகிறது, பாட்டும் ஞாபகம் வந்துவிடுகிறது. சுவரஞானம், அதாவது கேட்ட சுவரத்தின் பெயர் சொல்லவும் பெயரைப் பார்த்துப் பாடவும் தெரிவது, மட்டும் அன்று இல்லாதது போலவே இன்றும் இல்லை. "அதெல்லாம் பிறவியிலேயே வரணும் டீச்சர்" என்று அவர்களே தீர்ப்பும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதில்லை.

நாம் சொல்லிக்கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். டீச்சர் பாடுகிறார், பிள்ளை திருப்பிப் பாடுகிறது. சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று ஆரம்பப் பாடம் எல்லாம் இப்படியே போகிறது. மலஹரி கீதத்தில் "ம ப | த ஸ ஸ ரி" என்ற வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடிவிடுவார்கள். ஆனால் தம்பூராவைப் போட்டுவிட்டு, "அந்தத் தைவதத்தை மட்டும் பாடு" (அதாவது 'த'வை) என்றால் பஞ்சமத்திலிருந்து ('ப') ஏறி வந்துதான் அதைத் தொட முடிகிறது. ஸ ரி க ம என்ற எழுத்துகள் அவர்களுக்கு ஒருவகைச் சாகித்யம்தான். அந்தக் கீதத்தின் 'ஸ்ரீ கணநாத' என்ற சொற்கள் எப்படி மனப்பாடமோ, 'ம ப த ஸ'வும் அப்படியே மனப்பாடம். உதடு அறிந்த அந்தத் தைவதத்தைக் காது ஒரு தடவைகூடத் தனியாகச் சந்தித்ததில்லை.

மேற்கத்திய இசைத் தேர்வுகளில் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கேட்டதை அடையாளம் கண்டு சொல்வது ஒன்று. பார்த்திராத இசைக்குறிப்பை அப்போதே பாடுவது இன்னொன்று. கர்நாடக சங்கீதத்தில் வளர்ந்த நான், பிற்பாடு ஒரு சேர்ந்திசைக் குழுவில் ஆல்ட்டோ என்ற கீழ்ப் பெண்குரல் பகுதி பாடச் சேர்ந்தபோது இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டன. அப்போது உறைத்தது, இவை இரண்டு வித்தை இல்லை என்று. காதிலிருந்து பெயருக்குப் போனால் முதலாவது. பெயரிலிருந்து காதுக்கு வந்தால் இரண்டாவது. நடுவில் நிற்பது ஒன்றுதான்: ஸ-வை வைத்து மற்ற ஒவ்வொரு சுவரமும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற உணர்வு. அது இல்லாமல் எதிலிருந்து தொடங்கினாலும் பாதி வழியில் நின்றுவிடும்.

இந்தக் கவலை ஆயிரம் வருஷப் பழசு. சுமார் 1025-இல் இத்தாலியில் அரெட்ஸோ நகரத்தில் க்வீடோ என்று ஒரு துறவி இருந்தார். தேவாலயத்தில் பாடும் பையன்கள் எல்லாப் பாடல்களையும் ஆசிரியர் வாயிலிருந்து கேட்டே வருஷக்கணக்கில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். புனித யோவானைப் போற்றும் ஒரு லத்தீன் துதிப்பாடலில், ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிட ஒரு படி உயரத்தில் தொடங்கும். அந்த அடிகளின் முதல் அசைகள்தான் உட், ரே, மி, ஃபா, சோல், லா. புது மெட்டில் ஒரு சுவரம் தெரியவில்லையா? அது எந்த அடியின் தொடக்கம் போல் ஒலிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார். இவ்வளவுதான் முறை. தன் பையன்களில் சிலர் மூன்று நாளுக்குள் கேட்டிராத பாடலைப் பாடினார்கள் என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். போப் பத்தொன்பதாம் ஜான் அவரை ரோமுக்கு அழைத்து, தானே உட்கார்ந்து, அதுவரை கேட்டிராத ஒரு வரியைப் பார்த்துப் பாடிவிட்டு அசந்துபோனாராம். வாத்தியார் தம் வித்தையைத் தாமே புகழ்கிற கடிதம் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் அடிப்படை சரி. நன்றாகத் தெரிந்த ஒரு மெட்டை அளவுகோலாக வைத்துத் தெரியாததை அளக்கிறார்.

அந்த அளவுகோல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ-விலிருந்து படிப்படியாக ஏறி இறங்கும் சரளி வரிசை வேறென்ன? அதைக் குரல் பழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, காதுக்குப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம்.

ஐரோப்பாவிலும் பிறகு இரண்டு கட்சி ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் 'டோ' (பழைய 'உட்'தான்) என்றால் எப்போதும் பியானோவின் ஒரே கட்டை என்று வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் நாரிச் நகரத்து ஸாரா க்ளோவரும், அவர் வழியை வளர்த்தெடுத்த ஜான் கர்வெனும் 'டோ'வை நகர விட்டார்கள். பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதுவே 'டோ'. இருபதாம் நூற்றாண்டில் ஹங்கேரியின் ஸோல்தான் கோடாய் வழிவந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், கை முத்திரைகளோடு. நகரும் 'டோ' என்பது நமக்குப் புதிதே இல்லை. ஒரு கட்டையில் பாடுகிறவருக்கும் ஐந்து கட்டையில் பாடுகிறவருக்கும் ஸ ஸ-தான். அதனால் எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் பியானோக் கட்டையின் பெயரைச் சொல்கிற அந்த அபூர்வத் திறமை இல்லையே என்று ஏங்க வேண்டாம். நமக்கு அது தேவையும் இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? தம்பூராவில்.

நல்ல தம்பூராவுக்கு நாலு தந்தி: பஞ்சமம், சாரணி (நடு ஸ) இரண்டு, மந்தர ஸ (கீழ் ஸ). யாரும் காந்தாரத்தை ('க') மீட்டுவதில்லை. ஆனால் ஜீவா (குதிரையின் மேல் தந்திக்கடியில் வைக்கும் நூல்) சரியாக அமைந்து சுருதி சேர்ந்துவிட்டால், மந்தரத் தந்தி அடங்கும் நேரத்தில் ஒரு அந்தர காந்தாரம் ('க'வின் உயர்ந்த வகை) மேலே மிதந்து வரும். மாயமில்லை, எந்தத் தந்தி அதிர்ந்தாலும் அதன் ஐந்து மடங்கு அதிர்வும் கூடவே எழும், அதுதான் காந்தாரமாகக் கேட்கிறது. முதல் வகுப்பில் நான் யாரையும் பாட விடுவதில்லை. அந்தக் காந்தாரம் காதில் விழும்வரை கண்ணை மூடிக் கேட்கச் சொல்வேன். சிலருக்கு உடனே கேட்கும். சிலருக்குச் சில வாரம் ஆகும். கேட்டுவிட்டால் அதோடு சேர்ந்து 'க' பிடிக்கச் சொல்வேன். அப்புறம் அதே சுருதியில் கீபோர்டில் அந்தர காந்தாரத்தை அழுத்திக் காட்டுவேன். கீபோர்டின் காந்தாரம் ஒரு இம்மி கூடுதல். அரைச்சுரத்தை (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை) நூறு பங்காகப் பிரித்தால் சுமார் 14 பங்கு. முதலில் "ரெண்டும் ஒண்ணுதானே" என்கிறவர்கள், கொஞ்ச நாளில் கீபோர்டைக் கேட்டு முகம் சுளிக்கத் தொடங்குகிறார்கள். அந்தச் சுளிப்பு வந்துவிட்டால் காது திறந்துகொண்டது என்று அர்த்தம். கைப்பேசித் தம்பூராச் செயலிகளில் இது கிடைக்காதா என்று கேட்பார்கள். சிலவற்றில் ஓரளவு கிடைக்கும், நல்ல ஹெட்ஃபோன் இருந்தால்.

அடுத்தது, எனக்கு மிகப் பிடித்த பயிற்சி: ஊமைச் சுவரம். மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளியை எடுத்துக்கொண்டு, காந்தாரத்தை மட்டும் வாய்விட்டுப் பாடக்கூடாது. தாளம் நிற்கக்கூடாது. "ஸ ரி — ம | ப த | நி ஸ". அந்த ஒரு அட்சரத்தில் (தாளத்தின் ஒரு எண்ணிக்கையில்) காந்தாரத்தை மனசுக்குள் பாடிவிட்டு, மத்தியமத்தில் குரல் திறக்க வேண்டும். மனசுக்குள் பாடாமல் வெறுமனே இடம் விட்டவர்களுக்கு மத்தியமம் தொங்கும், உடனே தெரிந்துவிடும். இது பழகியதும் ரி, க இரண்டும் ஊமை. அப்புறம் ஸ-வும் ப-வும் மட்டும் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. கடைசியில் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முழுக்க மௌனம், கை மட்டும் தாளம் போடும். எல்லாரும் சேர்ந்து மேல் ஸ-வில் வந்து இறங்க வேண்டும். பத்துப் பேர் ஒரே ஸ-வில் வந்து விழும்போது வகுப்பே சிரித்துவிடும். பார்த்துப் பாடுவது என்பதன் உயிர் இங்கேதான் இருக்கிறது. தாளில் பார்த்த சுவரம் தொண்டைக்கு வருமுன் உள்ளே கேட்டிருக்க வேண்டும். உள்ளே கேட்காமல் பாடுகிறவர் ஊகித்துப் பாடுகிறார்.

தாட்டு வரிசையைப் பல இடங்களில் இப்போது தாண்டிவிடுகிறார்கள், "கஷ்டம், பிள்ளைகளுக்கு போரடிக்கும்" என்று. தாவித் தாவிப் போகும் வரிசை அது. ஸ-விலிருந்து ம, அங்கிருந்து க, மறுபடி ம, அப்புறம் ரி. படிப்படியாக ஏறி இறங்கும் வரிசைகள் தராத ஒன்றை அது தருகிறது. பக்கத்துச் சுவரத்தின் கையைப் பிடிக்காமல் ஒரு சுவரத்தில் நேரே போய் நிற்கும் தைரியம் அது. சுவரஞானத்துக்கென்று நம் பாடத்திட்டத்தில் ஏதாவது இருக்கிறதென்றால் அது தாட்டு வரிசைதான். அதைப் போய் ஒதுக்குகிறோம்.

இனி பெயர் சொல்லும் பயிற்சி. ஒருவர் மூன்று சுவரத்தை அகாரத்தில் பாட, மற்றவர் அதையே சுவரமாகத் திருப்பிப் பாட வேண்டும். எளிதாகத்தான் தோன்றும். இதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வகுப்புக்கு வருகிறார். நல்ல உழைப்பாளி. கைப்பேசியில் காதுப் பயிற்சிச் செயலி ஒன்றை இறக்கி, இரண்டு சுவரங்களுக்கு நடுவே எத்தனை தூரம் என்று கேட்கும் கேள்விகளில் நிறைய மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தார். நான் "ஸ ரி க ம" என்று அகாரத்தில் பாடினேன். "ப த நி ஸ" என்றார்.

"இல்லையே சார், இன்னொரு தடவை கேளுங்க."

"ப த நி ஸதான் டீச்சர். சந்தேகமே இல்லை."

தம்பூரா நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. மாயாமாளவகௌளையில் ஸ-விலிருந்து ம வரை உள்ள இடைவெளிகளும் ப-விலிருந்து மேல் ஸ வரை உள்ளவையும் அச்சாக ஒன்று. ஆரம்பப் பாடத்துக்கு அந்த ராகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தச் சமச்சீரையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். தம்பூரா இல்லாத வெறும் காற்றில் இரண்டையும் பிரித்தறிய யாராலும் முடியாது. தம்பூராவைப் போட்டுவிட்டு மறுபடி பாடினேன். கொஞ்சம் யோசித்து, "ஸ ரி க ம" என்றார். "ஆனா தூரம் மாறலையே?" என்று கேட்டார். மாறவில்லைதான். ம-வும் ப-வும் வேறு வேறாகக் கேட்பது தூரத்தால் இல்லை, ஸ-வோடு அவற்றுக்கு உள்ள உறவால். ப போய் ஸ-வோடு கலந்து சும்மா இருக்கும். ம அப்படி இருக்காது; காந்தாரத்துக்கு இறங்கவோ பஞ்சமத்துக்கு ஏறவோ துடிக்கும். காகலி நிஷாதத்துக்கு (உயர்ந்த 'நி') மேல் ஸ-வைத் தொடாமல் இருப்புக் கொள்ளாது. ஒவ்வொரு சுவரத்துக்கும் இப்படி ஒரு சுபாவம் இருக்கிறது. தெருமுனையில் வருகிறவரை முகம் தெரியுமுன்னே நடையை வைத்துக் கண்டுகொள்கிறோமே, அந்த மாதிரிதான் சுவரத்தைக் கண்டுகொள்வதும். தூரத்தை மட்டும் அளக்கச் சொல்லும் செயலிகள் அந்த நடையைக் காட்டுவதில்லை. அதனால்தான் அவற்றில் முழு மதிப்பெண் வாங்கியும் ஒரு பாட்டைச் சுவரப்படுத்த முடியாமல் பலர் நிற்கிறார்கள். செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை; பின்னால் ஸ ஒலிக்கிற செயலியாகப் பார்த்து எடுங்கள்.

தாளுக்கு வருவோம். நம் இசைக்குறிப்பு கற்க எளிது. மேலே புள்ளி தார ஸ்தாயி (மேல் அடுக்கு), கீழே புள்ளி மந்தரம் (கீழ் அடுக்கு). கமா ஒரு அட்சர நீட்டல், அரைப்புள்ளி இரண்டு. மேலே ஒரு கோடு போட்டால் காலம் இரட்டிப்பு, இரண்டு கோடு போட்டால் நாலு மடங்கு. எளிது என்பதாலேயே அலட்சியமும் அதிகம். மலிவுப் பதிப்புகளில் ஸ்தாயிப் புள்ளி பாதி இடத்தில் அச்சாகியே இருக்காது. எழுத்துக் கோப்பவர் அதை அழுக்கு என்று துடைத்துவிட்டாரோ என்று தோன்றும். எனக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு மாமி இதில் கறார். கமாவை விழுங்கிவிட்டு ஓடினால், "ஏண்டி, அந்தக் கமா என்ன பாவம் பண்ணித்து? அதுவும் ஒரு அட்சரம்தான், அதுக்கும் சம்பளம் குடு" என்பார்.

நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. முதலில் சுருதியே வேண்டாம். கையில் தாளம், வாயில் சுவர எழுத்துகள், ஒரே குரலில் பேசுவது போல. கமாவும் கோடும் இங்கேயே சரியாகிவிட வேண்டும். தாளில் தடுக்கி விழுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தடுக்குவது காலத்தில்தான், சுவரத்தில் இல்லை. அடுத்து, பாடாமல் ஒரு பார்வை: எங்கே நிற்கிறது, எங்கே தாவுகிறது, மேல் எல்லை எது, கீழ் எல்லை எது. பிறகு மனசுக்குள் ஒருமுறை. அப்புறம்தான் குரல். பாடும்போது கண் வாயைவிட இரண்டு மூன்று சுவரம் முன்னே ஓட வேண்டும். தவறினால் நிற்கக்கூடாது. திரும்பிப் போய்த் திருத்துவது வீட்டில். சபையில் தாளம் காத்திருக்காது. பயிற்சிக்கு எடுக்கும் பாட்டு தெரியாததாக இருப்பது முக்கியம். தெரிந்த பாட்டின் சுவரத்தைப் பார்த்துப் பாடுவது படிப்பதாகாது, ஞாபகம் தாளை முந்திக்கொள்ளும். அதனால் நானே நாலு நாலு ஆவர்த்தனமாகப் புதிதாக எழுதிக் கொடுத்துவிடுவேன். மோகனம், ஹம்சத்வனி, மத்தியமாவதி போல ஐந்து சுவர ராகங்களில் முதலில்.

சென்னையில் இந்தத் திறமைக்கு வாழும் சான்று வேண்டுமென்றால், திரையிசைப் பதிவுக் கூடங்களில் வாசித்த வயலின்காரர்களைச் சொல்ல வேண்டும். இளையராஜா மேற்கத்திய முறைக் குறிப்பில் தன் கையாலேயே எழுதித் தர, வாசிப்பவர்கள் அவரவர் பகுதியைப் படியெடுத்துக்கொண்டு, அதுவரை கேட்டே இராத இசையை அன்றே பதிவு செய்துவிடுவார்கள். அந்தக் குழுக்களில் கச்சேரி வயலின் கற்று வந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு எழுத்துமுறையும் ஒரே காதில் வாழ முடியும் என்பதற்கு வேறு வாதம் தேவையில்லை.

இதுவரை சொன்னது அசைவில்லாத நேர்ச்சுவரம். நம் சங்கீதத்தில் உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

தோடி ராகத்தை எடுங்கள். குறிப்பில் 'க' என்று ஒரே எழுத்து. பாடகர் பாடுவதோ ரி-க்கும் ம-வுக்கும் நடுவே ஊஞ்சலாடும் ஒரு அசைவு. 'சாதாரண காந்தாரம்' என்ற வகைக்கு உரிய இடத்தில் அவர் நிற்பதே அபூர்வம். அதைக் கேட்டு நேர்மையாக எழுதுகிற புது மாணவர் "ரி ம ரி ம" என்று எழுதுவார். கல்யாணியில் மேல் ஸ-விலிருந்து நிஷாதத்தை அசைத்தால் "ஸ நி ஸ நி" என்று எழுதுவார். காது பொய் சொல்லவில்லை. அந்த ஒலிகள் அங்கே இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அது ஒரே 'க', ஒரே 'நி'. கேட்கும் ஒலியும் அதற்கு நாம் வைக்கும் பெயரும் இங்கே பிரிந்துவிடுகின்றன. மேற்கத்தியக் காதுப் பயிற்சிப் புத்தகம் எதுவும் இந்த இடத்தில் உதவாது.

இந்தத் தலைவலியை நம் முன்னோர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1890-களில் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் கிருதிகளை மேற்கத்தியக் குறிப்பில் எழுதி அச்சிடத் தொடங்கினார். அவர் தூண்டிய சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற நூலை வெளியிட்டபோது, சுவர எழுத்தின் தலைமேல் கமக (சுவர அசைவு) அடையாளங்களையும் சேர்த்தார். கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஒடுக்கல், ஒரிகை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. பல பெயர்கள் வீணைக்காரர்களின் விரலிலிருந்து வந்தவை. அவ்வளவு செய்தும், அந்த ராகத்தைக் காதால் அறியாத ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பாடினால் ராகம் எலும்பும் தோலுமாகத்தான் வரும். குறிப்பு ராகத்தை ஞாபகப்படுத்தும், புதிதாகக் கற்றுத் தராது.

பயிற்சி எப்படி? நல்ல பாடகரின் ஆலாபனையில் ஒரே ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டு, யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கிக் கேட்கச் சொல்கிறேன். சுருதி மாறாது, அசைவு மட்டும் விரியும். பிறகு இரண்டு கேள்வி: இந்த அசைவு எங்கிருந்து கிளம்பியது, எங்கே போய் இறங்குகிறது? கல்யாணியில் த-விலிருந்து கிளம்பி ஸ-வில் இறங்குகிற வழியில் நடப்பது எத்தனை தடவை ஸ-வைத் தொட்டாலும் நிஷாதம்தான். அசைவின் உச்சிகளைப் பிடித்துக்கொண்டு எழுதினால் தவறும். வழியைப் பார்த்து எழுதினால் சரியாக வரும். வீணை அருகில் இருந்தால் இன்னும் தெளிவு. ஒரே மெட்டில் (தந்திக்கடியில் உள்ள உலோகப் பட்டையில்) விரலை வைத்துத் தந்தியை இழுத்து விடுவது கண்ணுக்குத் தெரியும், கேட்பது ஒரு சுவரம்தான் என்று கையே சொல்லிவிடும்.

இந்த வித்தையின் சிகரத்தைப் பார்க்க டிசம்பர் கச்சேரி ஏதாவது ஒன்றுக்குப் போய், பாடகரை விட்டுவிட்டு வயலின்காரரை மட்டும் கவனியுங்கள். பாடகர் ஆலாபனை செய்கிறார். என்ன பாடப்போகிறார் என்பது அவருக்கே தெரியாது. வயலின் அரை நொடி பின்னால் அதே சொற்றொடரைக் கமகத்தோடு நிழலாகப் போட்டுக்கொண்டே வருகிறது. அந்த நேரத்திலேயே சுவரங்களைக் கற்பனை செய்து பாடும் கல்பனாசுவரம் வந்தால் இன்னும் கடுமை. பாடகர் ஒரு முழு ஆவர்த்தனத்தைக் கொட்டிவிட்டு நிறுத்துவார். வயலின் அதே அளவில், அதே கணக்கில் பதில் சொல்ல வேண்டும். ஒரு தேர்வறையில் வைத்தால் யாரும் எழுத முடியாத வினாத்தாள் அது. நாம் அதைப் 'பக்கவாத்தியம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுகிறோம்.

சேர்ந்திசையில் எனக்கு வாய்த்த சோதனை வேறு வகை. என் சுவரம் எனக்குத் தெரியும், தாளிலும் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் சொப்ரானோ (மேல் பெண்குரல்) மெட்டைப் பாடுகிறார்கள், காது அங்கேயே ஓடுகிறது. எல்லாரும் ஒரே சுவரத்தில் இணைவதே சுகம் என்று வளர்ந்த காது அது. இதற்கு மருந்து வகுப்பில் இப்போது ஜண்டை வரிசையை வைத்துக் கொடுக்கிறேன். பாதிப் பேர் ஒரு ஆவர்த்தனம் முன்னே தொடங்க, மீதிப் பேர் அடுத்ததில் சேர வேண்டும். இரண்டும் மோதும்போது தன்னுடையதை விடாமல் பிடிக்கவும், மற்றதைக் காதில் வாங்கவும் வேண்டும். இன்னொரு சங்கடம், அந்த இசையில் ஸ நடுவழியில் இடம் மாறிவிடும். சங்கராபரணமாகப் போய்க்கொண்டிருப்பதில் திடீரென்று பிரதி மத்தியமம், அதாவது கல்யாணிக்குரிய உயர்ந்த 'ம', தலைகாட்டும். நம் காது "ஆஹா, கல்யாணி" என்று குளிரும். நாலு சொற்றொடர் கழித்துப் பார்த்தால் பஞ்சமம் ஸ-வாகியிருக்கும், நாம் பிரதி மத்தியமம் என்று நினைத்தது அதன் நிஷாதம்.

இதற்கு நம்மிடம் ஸ-வின் இடத்தை மாற்றி ராகத்தை மாற்றும் கிரக பேதம் இருக்கிறது. மோகனத்தின் ஐந்து சுவரங்களை வைத்துக்கொண்டு ரி-யை ஸ ஆக்கினால் மத்தியமாவதி, க-வை ஆக்கினால் ஹிந்தோளம், ப-வை ஆக்கினால் சுத்த சாவேரி, த-வை ஆக்கினால் சுத்த தன்யாசி. மேடையில் வித்வான்கள் செய்தால் கைதட்டுகிறோம். வகுப்பில் அதையே காதுப் பயிற்சியாக, தம்பூராவின் சுருதியை மாற்றி மாற்றி வைத்துச் செய்யலாம். ஒரே ஐந்து ஒலி, ஸ நகர்ந்ததும் வேறு ராகமாகக் கேட்கும் அந்தக் கணம் ரொம்பப் பெரிய பாடம். சிலப்பதிகாரக் காலத்துப் பாணர்கள் குரல், துத்தம், கைக்கிளை என்று ஏழு நரம்புகளில் (அன்றைய சுவரங்களில்) ஒவ்வொன்றையும் முதலாக வைத்து ஏழு பாலை (தாய் ராகம் போன்றவை) பிறப்பித்ததும் இதே வேலைதான். ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்திலும், விபுலானந்த அடிகள் 1947-இல் யாழ் நூலிலும் பக்கம் பக்கமாக இதைத் துருவியிருக்கிறார்கள். கணக்காகப் படித்தால் தலை சுற்றும். ஒரு கீபோர்டையும் சுருதிப் பெட்டியையும் வைத்துக் கேட்டுப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

எவ்வளவு நேரம் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். தினமும் கொஞ்சம், பல் தேய்த்த கையோடு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதில் பலன் குறைவு. காது சீக்கிரம் களைத்துவிடும், களைத்த காது எதற்கும் தலையாட்டும்.

இப்போது வகுப்பில் பைரவி ராகத்துக்கு வந்திருக்கிறோம். அதில் இரண்டு தைவதம்: ஏறும்போது சதுசுருதி (உயர்ந்த வகை), இறங்கும்போது சுத்தம் (தாழ்ந்த வகை). புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே 'த'. எது எங்கே என்று தாள் சொல்லாது. போன வாரம் ஒரு சொற்றொடரைக் கேட்டு எழுதச் சொன்னேன். நிஷாதத்தைத் தொட்டுவிட்டு மறுபடி பஞ்சமத்துக்குத் திரும்பும் இடம். பாதிப் பேர் சதுசுருதி என்றார்கள், பாதிப் பேர் சுத்தம் என்றார்கள். வங்கிக்காரர் கைப்பேசியை எடுத்துப் பாதி வேகத்தில் ஓட விட்டார். சண்டை இன்னும் தீரவில்லை.